நெட் நின்றுபோனால் முதலில் எங்கே பார்ப்பது?



கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலையில் கிண்டியிலுள்ள நம் அறக்கட்டளை அலுவலகத்தில் நெட் நின்றுபோனது. இணைய நிறுவனத்துக்குப் போன் செய்து சத்தம் போட்டோம். பிறகு ரவுட்டர்தான் பழுது என்று நாங்களே முடிவு கட்டி, பொதுப் பணத்தில் புதிது வாங்கி மாட்டினோம். அப்போதும் வரவில்லை. மக்ரிபுக்குப் பின் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், நான்கு கட்டளைகளைத் தட்டிப் பத்து நிமிடத்தில் காரணத்தைக் காட்டினார். கோளாறு கம்ப்யூட்டரிலேயே இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு பிள்ளையின் விண்ணப்பத்துக்கு நேரம் முடிந்துவிட்டது. அந்தக் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டோம். இந்த நிலை உங்கள் வீட்டில் வராதிருக்க இதை எழுதுகிறோம்.

வீட்டு இணையம் ஒரு சங்கிலி. கம்ப்யூட்டர், ரவுட்டர், வெளியே செல்லும் லைன், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் என்று நான்கு கண்ணிகள். அருகிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

விண்டோஸில் ஸ்டார்ட்டை அழுத்தி, சி-எம்-டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுங்கள். கருப்புத் திரை வரும். கீழே சொல்லும் கட்டளைகள் நிலைமையைக் காட்டுமே தவிர எதையும் மாற்றாது, பயம் வேண்டாம்.

1. ஐபிகான்ஃபிக்: ஐ-பி-சி-ஓ-என்-எஃப்-ஐ-ஜி என்று தட்டுங்கள். ஐபிவி4 முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் உங்களுக்கு முகவரி தரவில்லை. கேபிளையும் வைஃபை இணைப்பையும் பாருங்கள். சரியாக இருந்தால், 'டீஃபால்ட் கேட்வே' எதிரே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் ரவுட்டர்.

2. பிங்: பி-ஐ-என்-ஜி, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண், உதாரணமாக 192.168.1.1. 'ரிப்ளை' வந்தால் ரவுட்டர் வரை பாதை சரி. 1983 டிசம்பரில் இதை எழுதியவர் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தின் மைக் மூஸ். கடலடியில் ஒலி அனுப்பி எதிரொலி கேட்கும் சோனாரின் ஓசையையே பெயராக வைத்தார்.

3. மீண்டும் பிங், இம்முறை 8.8.8.8. இது கூகுளின் பொது டிஎன்எஸ் முகவரி. ரவுட்டர் பதில் தந்து இது 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்றே சொன்னால், கோளாறு பெரும்பாலும் வெளி லைனில். நிறுவனத்துக்குப் போன் செய்து இதையே சொல்லுங்கள். ஒருமுறை பதில் தவறினால் போதாது. நான்கைந்து முறை பாருங்கள்.

4. என்எஸ்லுக்கப்: என்-எஸ்-எல்-ஓ-ஓ-கே-யு-பி, இடைவெளி, கூகுள் டாட் காம். மூன்றாவது சரியாகி இது மட்டும் தவறினால் டிஎன்எஸ் கோளாறு. அதே வரியின் கடைசியில் இடைவெளி விட்டு 8.8.8.8 சேர்த்துப் பாருங்கள். இப்போது பதில் வந்தால், கம்ப்யூட்டர் வழக்கமாகக் கேட்கும் டிஎன்எஸ்தான் பேசவில்லை.

எங்களுக்கு நேர்ந்தது இதுவே. யாரோ எப்போதோ அந்தக் கம்ப்யூட்டரில் கையால் பதித்த டிஎன்எஸ் எண் செயலிழந்திருந்தது. தானாகப் பெறும்படி மாற்றியதும் சரியானது. புதிய ரவுட்டருக்கு வேலையே இல்லை. அந்த வைஃபையில் ஒரு கைப்பேசியை இணைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். எல்லாரும் சிம் டேட்டாவில் இருந்ததால் தோன்றவில்லை.

ஓர் எச்சரிக்கை: முன்பின் தெரியாதவர் போனில் சொல்லும் கட்டளை எதையும் தட்டாதீர்கள்.

ஒருவரைக் குறை சொல்லுமுன் தீர விசாரிப்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த ஒழுக்கம். அன்று மறந்தோம். 1986-இல் தொடங்கிய எர்நெட் கல்வி வலையமைப்பின் முதல் எட்டு நிறுவனங்களில் ஒன்று, நம் பக்கத்திலேயே உள்ள ஐஐடி மெட்ராஸ். அந்த அறிவு நம் வீட்டுக்குள்ளும் வரட்டும். நெட் நன்றாக இருக்கும்போதே இந்த நான்கையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒருமுறை தட்டிப் பாருங்கள். சரியான பதில் எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான், தவறானது இன்ஷா அல்லாஹ் கண்ணில் படும்.