வீட்டுக் கிட்டாரும் விட்டுப்போன 2.36 மி.மீட்டரும்



போன வருட மலரில் சீனியர் அண்ணன் ஒருவர் எமர்ஜென்சி லைட் செய்வது எப்படி என்று எழுதியிருந்தார். இந்த வருடம் நான் எலெக்ட்ரிக் கிட்டார் பற்றி எழுதுகிறேன். “இவனுக்கு கிட்டார் வாசிக்கவே தெரியாதேடா!” என்று என் பெஞ்சுக்காரர்கள் சிரிப்பது காதில் விழுகிறது. வாஸ்தவம்தான், வாசிக்கத் தெரியாது. செய்யத் தெரியும். அதிலும் ஒரு தப்பைச் செய்து, காசையும் வாங்கிவிட்டு, நன்றாக மாட்டிக்கொண்டேன்.

முதலில் விஷயம். சாதா கிட்டாரில் மரப்பெட்டிதான் சத்தத்தைப் பெரிதாக்கும். எலெக்ட்ரிக் கிட்டாருக்குப் பெட்டியே வேண்டாம், கட்டை போதும். எஃகுத் தந்தியின் அடியில் காந்தமும் அதைச் சுற்றி ஒரு காயிலும் இருக்கும். இதற்குப் பெயர் பிக்கப். தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது, காயிலில் மின்னழுத்தம் பிறக்கிறது. மெஷின்ஸ் பேப்பரில் ஐந்து மார்க்குக்கு எழுதுகிறோமே, அதே ஃபாரடே விதிதான்.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் புல்லர்டன் என்ற ஊரில் 1938-ல் ரேடியோ ரிப்பேர் கடை திறந்தவர் லியோ ஃபெண்டர். இவர் 1950-ல் கொண்டுவந்த கட்டை கிட்டாரில் கழுத்தை ஒட்டவில்லை. பின்பக்கம் நாலு திருகாணி, அவ்வளவுதான். கழுத்து கெட்டுப்போனால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். ரிப்பேர்காரன் மூளை! கிட்டாரைப் பாகம் பாகமாக விற்கலாம் என்பதற்கு இந்த நாலு திருகாணி பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டில் செய்தவர்களில் பெரிய பெயர் இங்கிலாந்தின் பிரையன் மே. குயீன் குழுவில் வாசித்தவர். 1963-ல் பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது அப்பாவோடு சேர்ந்து வேலையை ஆரம்பித்தார். கழுத்துக்குப் பழைய கணப்பு அடுப்பின் மரச்சட்டம், ஸ்பிரிங்குக்குப் பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங். பிறகு உலகமெங்கும் அதையே வாசித்தார். இதைப் படித்ததும் எனக்கும் ஒரு தைரியம் வந்தது. அவருக்கு அப்பா இருந்த மாதிரி எனக்கும் அப்பா இருக்கிறார். தச்சு வேலை.

காயிலில் முதல் அடி வாங்கினேன். எல்லா இடத்திலும் ‘42 கேஜ் கம்பி, சுமார் 8,000 சுற்று’ என்று போட்டிருந்தது. கடையில் 42 கேட்டேன், கொடுத்தார்கள். வைண்டிங் மெஷினில் 3,000 சுற்றிலேயே பாபின் நிறைந்துவிட்டது! வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது அமெரிக்க கேஜ். அதில் 42 என்றால் 0.064 மி.மீ. நம் கடையில் கிடைப்பதோ எஸ்.டபிள்யூ.ஜி., அதில் 42 என்றால் 0.102 மி.மீ. நாம் கேட்க வேண்டியது 46 (0.061 மி.மீ.). தலைமுடி மாதிரி இருக்கும், மூச்சு விட்டாலே அறும். சுற்றி முடித்ததும் மெழுகில் முக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயரில் கீச்சென்று கத்தும். மெழுகை நேராக அடுப்பில் வைக்காதீர்கள். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். கழுத்தின் மேல் ஒட்டும் ஃபிங்கர்போர்டில் குறுக்கே ஃபிரெட் கம்பிகள் பதிப்பார்கள். ஒவ்வொரு ஃபிரெட்டுக்கும் சுரம் அரைப்படி ஏறும். 12-வது ஃபிரெட்டில் ஒரு ஸ்தாயி முடியும், அங்கே தந்தியின் நீளம் சரிபாதி ஆகிவிடும். தலைப்பக்கம் தந்தி உட்காரும் துண்டுக்கு நட் என்று பெயர் (போல்ட்-நட் அல்ல!). அங்கிருந்து பிரிட்ஜ் வரை 648 மி.மீ. எடுத்துக்கொண்டேன். பழைய புத்தகம் ஒன்றின் ஜெராக்ஸில், மிச்சமுள்ள நீளத்தை ஒவ்வொரு தடவையும் 18-ஆல் வகு, அதுதான் அடுத்த ஃபிரெட் என்று இருந்தது. முழு எண், சுலபம். கணக்குப் போட்டு அப்பாவிடம் சீட்டைக் கொடுத்தேன். அவர் படித்தது மூணாவது. “நீ நம்பரைச் சொல்லு, நான் அறுக்குறேன்” என்றார்.

பழைய ஈட்டிமரக் கட்டில் சட்டத்தில் இரண்டு போர்டு தேறியது. ஒன்றை எங்கள் ஊர் சர்ச்சில் கிட்டார் வாசிக்கும் அண்ணன் 700 ரூபாய்க்கு வாங்கி, தன் பழைய கிட்டாரில் தேய்ந்துபோன போர்டை எடுத்துவிட்டு ஒட்டிக்கொண்டார். அந்தப் பணம் பரீட்சை ஃபீஸில் போய்விட்டது.

கிறிஸ்துமஸுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவர் வீட்டுக்கே வந்துவிட்டார். “தம்பி, கீழே வாசிச்சா தெரியல. மேலே போகப் போக சுதி இறங்குது.” நான் அப்பாவைப் பார்த்தேன். மனசுக்குள் ‘ரம்பம் விலகியிருக்கும்’ என்றுதான் நினைத்தேன், ஒளிக்கவில்லை. அப்பா ஒன்றும் பேசாமல் சீட்டை எடுத்து வந்து நீட்டினார். வெர்னியர் வைத்து மிச்சமிருந்த போர்டை அளந்தேன். எல்லா வெட்டும் சீட்டில் இருந்தபடியே இருந்தது. தப்பு சீட்டில்.

கால்குலேட்டர் எடுத்துப் பாருங்கள். 18-ஐ 17-ஆல் வகுத்து, வருவதை 12 தடவை பெருக்கினால் 2 வர வேண்டும். வருவது 1.9856. சரியான வகுக்கும் எண் 17.817, அதாவது 2-இன் பன்னிரண்டாம் மூலத்திலிருந்து வருவது. முதல் ஃபிரெட் 36.37-ல் இருக்க வேண்டும், நான் 36.00-ல் போட்டேன். 12-வது 324-ல் இருக்க வேண்டும், 321.64-ல் போட்டேன். விட்டுப்போனது 2.36 மி.மீ. காதுக்கு அது அரைச்சுரத்தில் எட்டில் ஒரு பங்கு இறக்கம். இந்த 18 சும்மா வந்த நம்பரும் அல்ல. விஞ்ஞானி கலிலியோவின் அப்பா வின்சென்சோ கலிலெய் 1581-ல் வெளியிட்ட இசை நூலிலேயே 18:17 விகிதம் இருக்கிறது. ஃபிரெட்டில் அழுத்தும்போது தந்தி இழுபட்டு சுதி கொஞ்சம் ஏறும். அந்தக் காலத்து வீணை மாதிரி வாத்தியத்துக்கு அது ஈடுகட்டியது. இவர் கிட்டாரில் பிரிட்ஜை அந்த இழுப்புக்கும் சேர்த்து ஏற்கெனவே சரிசெய்து வைத்திருந்தார்கள். அதனால் என் தப்பு முழுசாக வெளியே வந்துவிட்டது.

ஒட்டிய போர்டைப் பிய்க்க முடியாது. ராத்திரி உட்கார்ந்து தலைகீழாக யோசித்தேன். 12-வது ஃபிரெட் இருக்கும் இடத்தையே பாதி என்று வைத்தால் முழு நீளம் 643.3 மி.மீ. ஆக, பிரிட்ஜை 4.7 மி.மீ. முன்னே தள்ளினால் போதும்! கணக்குப் போட்டதில் 12 வரை எந்த ஃபிரெட்டிலும் வித்தியாசம் 0.3 மி.மீட்டரைத் தாண்டவில்லை. பிரிட்ஜின் திருகாணியில் 3 மி.மீ. கிடைத்தது. மீதிக்கு பிரிட்ஜையே கழற்றி, பழைய துளைகளில் மூங்கில் குச்சியைப் பெவிகால் தடவி அடித்து, அப்பா புதுத் துளை போட்டார். உச்சியில் 15-க்கு மேலே இப்போது லேசாக ஏற்றம் இருக்கிறது. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். “பாட்டுக்கு அவ்வளவு தூரம் போகமாட்டேன் தம்பி” என்றார். பாதிப் பணம் பொங்கலுக்கு அப்புறம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார், ஆனாலும் கொடுத்தேன்.

பாலிஷ் பற்றி நாலு வரி. உப்புத்தாள் 120, 220, 400 என்ற வரிசையில், மரத்தின் ரேகை ஓடும் திசையில் மட்டும் தேய்க்க வேண்டும். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பல தடவை பூசவேண்டும். மழைநாளில் பூசினால் வெள்ளை பூத்துவிடும், எனக்குப் பூத்தது. ஈட்டிமரப் போர்டுக்கு பாலிஷ் வேண்டாம், ஒரு சொட்டு எண்ணெய் போதும்.

பாகம் விற்பவர்கள் நீளத்தை எழுதிக் கொடுங்கள், வாங்குபவர்கள் கேட்டு வாங்குங்கள். ஃபெண்டரின் அளவு 648 மி.மீ., பிரையன் மேயின் கிட்டார் 24 அங்குலம், அதாவது 609.6. ஒன்றின் கழுத்து மற்றதற்கு அப்படியே சேராது.

என்னிடம் 46 கேஜில் சுற்றிய பிக்கப் இரண்டு இருக்கிறது. அந்த இன்னொரு போர்டும் இருக்கிறது, பின்பக்கம் ‘18 கணக்கு, பிரிட்ஜ் 4.7 மி.மீ. முன்னே’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன், பாதி விலை. புதுப் போர்டை அப்பா இந்த வாரம் அறுக்கிறார். சீட்டைக் கொடுத்தபோது, “எங்கேயிருந்து எடுத்த நம்பர்?” என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்.