உடலுழைப்பும் குடல் நலமும்

தஞ்சை வயல்களில் நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. முதுகு ஒடிக்கும் வேலை குறைந்தது நல்லதே. ஆனால் உடல் அசைவும் கூடவே குறைந்தது. செரிமான மண்டலம் பாடத்தில் இதைப் பேச இடமுண்டு.

கருத்து: உடல் உழைக்கும்போது தசைகள் இரத்தச் சர்க்கரையைப் பயன்படுத்துகின்றன, இன்சுலின் அளவு குறைகிறது. இன்சுலின் மிகுந்தால் பெருங்குடல் உட்சுவர்ச் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தூண்டப்படலாம். வயிற்றுக் கொழுப்பும் நாள்பட்ட அழற்சியும்கூட உழைப்பால் குறைகின்றன. ஆகவே பெருங்குடல் புற்றுநோய் வரும் வாய்ப்பு குறைகிறது, முற்றிலும் நீங்குவதில்லை.

நோய் வந்தவருக்கும் இது உதவுகிறது. சிகிச்சை முடித்த 889 பேரிடம் நடந்த ஆய்வு 2025இல் வெளியானது. மூன்றாண்டு வழிகாட்டலுடன் உடற்பயிற்சி செய்தோரில் ஐந்தாண்டுக்குப் பின் நோயின்றி இருந்தோர் சுமார் 80 சதவீதம். அறிவுரை ஏடு மட்டும் பெற்றோரில் 74.

செயல்பாடு: தாத்தா, பாட்டி இளமையில் ஒரு நாளில் செய்த வேலைகளை மாணவர்கள் கேட்டு எழுதட்டும்: நாற்றுப் பறிப்பு, களையெடுப்பு, கட்டுச் சுமத்தல். அருகே தம் ஒரு நாளை எழுதட்டும். 5 முதல் 17 வயதினருக்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தம் நிமிடங்களை அவர்களே கூட்டிப் பார்க்கட்டும்.

அந்தக் கூட்டுத்தொகை குறைந்தால், நாமும் ஒன்று செய்யலாம்: விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குக்குக் கடன் வாங்காதிருப்போம்.