முள்ளந்தண்டில் காயம்: தூக்குமுன் கவனிக்க வேண்டியவை

2025ஆம் ஆண்டு மே மாதம் 11ஆம் திகதி அதிகாலை, கதிர்காமத்திலிருந்து குருநாகல் நோக்கிச் சென்ற பஸ் வண்டி கொத்மலை கரண்டியெல்லவில் பள்ளத்தில் வீழ்ந்து 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை அடியார்கள் மறந்திருக்க மாட்டார்கள். இவ்வாறான இடங்களுக்கு முதலில் ஓடி வருபவர் வைத்தியரோ தாதியோ அல்லர், அயலவரே. தேர், காவடிக் காலங்களில் எமது தொண்டர்களின் நிலையும் அதுவே. ஆகவே இவ்விடயத்தை மலரில் எழுதுவது பொருத்தமென எண்ணினேன்.

பதற்றத்தில் நாம் செய்வது யாது? ஒருவர் கையையும் மற்றவர் காலையும் பிடித்துத் தூக்கி முச்சக்கர வண்டிக்குள் மடக்கி வைக்கிறோம். இரக்கத்தால் செய்வதுதான். ஆனால் முள்ளந்தண்டு எலும்பு உடைந்தும் உள்ளிருக்கும் முண்ணாண் தப்பியிருந்தால், அந்த ஒரு மடிப்பிலேயே கை கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கக்கூடும். வாகன விபத்தில் சிக்கியவர், பலா அல்லது கித்துல் மரத்திலிருந்து விழுந்தவர், கழுத்து வலி அல்லது விறைப்பு என்பவர், நினைவிழந்தவர் ஆகிய எல்லோருக்கும் இக்காயம் உண்டென்றே கொள்ள வேண்டும்.

தீயோ, வண்டி மேலும் சரியும் அபாயமோ இருந்தாலன்றி அவரை அசைக்கலாகாது. 1990 சுவசெரிய இலவச அம்பியூலன்ஸை அழைத்து, ஒருவர் தலைமாட்டில் முழந்தாளிட்டு இரு கைகளாலும் தலையை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். எனினும் கழுத்தைவிட மூச்சே முக்கியம். வாயில் இரத்தமோ வாந்தியோ நிறைந்தால், நாலைந்து பேர் சேர்ந்து, தலை, கழுத்து, உடல் ஒரே நேராக இருக்க, மரக்குற்றியை உருட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தலையைப் பிடித்திருப்பவரே சொல் கொடுக்க வேண்டும். வண்டி வரமுடியாத லயத்துப் பாதைகளில் கதவுப் பலகையொன்றில் வைத்துக் கட்டிக் கொண்டுவரலாம்.

அடுத்தது ‘ஷொக்’. இது மனம் திடுக்கிடுவதன்று. உறுப்புகளுக்குப் போதிய இரத்தம் போய்ச் சேராத நிலை. தோல் வெளிறிக் குளிரும், வியர்க்கும், நாடி விரைந்து மெலியும், பேச்சுத் தடுமாறும். வெளியே இரத்தம் பெருகினால் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துக. கழுத்தில் முண்ணாண் பாதிக்கப்பட்டவருக்கோ இரத்த அழுத்தம் குறைந்தும் தோல் சூடாகவும் நாடி மெதுவாகவும் இருக்கலாம். அப்போதும் உள்ளே இரத்தம் கசிகிறதா என்பதையே வைத்தியர்கள் முதலில் தேடுவர். மயங்கியவருக்குக் காலை உயர்த்தும் வழக்கம் இங்கு வேண்டாம். சோடாவும் தண்ணீரும் வேண்டவே வேண்டாம். போர்வையால் மூடினால் போதும்.

“எலும்பு உடைந்திருக்கிறது, அதைப் பார்க்காமல் வேறென்னவோ செய்கிறார்கள்” என்று வைத்தியசாலையில் உறவினர் கோபிப்பதுண்டு. அது நியாயமன்று. கழுத்துப் பட்டி, சுவாசம், ஒட்சிசன், இரத்தப்போக்கு, நாளத்தில் சேலைன் என்பதே தாதியரின் ஒழுங்கு. நாடி, அழுத்தம், சிறுநீரின் அளவு, கை கால் உணர்ச்சி என்பவற்றைத் திரும்பத் திரும்பக் குறிப்பர். கழுத்துக் காயத்தில் மூச்சு பிறகும் களைக்கலாம் என்பதால் அக்காவல் ஓயாது. உணர்ச்சியற்ற உடலில் படுக்கைப்புண் விரைவில் வருமாதலால் வழக்கமாக இரண்டு மணித்தியாலத்துக்கொரு முறை பலர் சேர்ந்து புரட்டுவர். பார்க்கச் செல்வோர் சோறூட்டுவதற்காக நோயாளியைத் தாமாக எழுப்பி உட்கார வைக்கக் கூடாது.

பின்னர் நீண்டகாலப் பயிற்சி தேவைப்படுவோருக்கு திகனையிலும் ராகமையிலும் அரச புனர்வாழ்வு வைத்தியசாலைகள் உள்ளன.