முன்செயலாக்கமும் மாக்குரோக்களும்

கணனிக்கு நாம் எழுதும் ஆணைத்தொடர் மூலநிரல் எனப்படும். அதனை இயந்திரம் கொள்ளும் வடிவாக்குவது தொகுப்பி. தொகுப்பியைச் சேருமுன் மூலநிரலைத் திருத்தியமைக்கும் செயலே முன்செயலாக்கம். இதன் தலையாய கருவி மாக்குரோ. அஃதாவது, ஒரு குறும்பெயரைக் கண்டவிடத்து அதற்கென வகுத்த தொடரைப் பெய்தல்.

1970களின் முற்பகுதியில் டெனிஸ் றிச்சி ஆக்கிய சீ மொழி இவ்வசதியை உடையது. 1995இல் வெளிவந்த யாவா மொழியோ இதனை விலக்கியது. பிறர் நிரலைப் படிப்போன் அவர்தம் மாக்குரோக்களை முன்னர் அறிந்தாலன்றிப் பொருள் காணான் என்பது காரணம். ஆயினும், ஒரே நிரலைச் சோதனைக்கு ஒருவாறும் பயனருக்கு வேறொருவாறும் அமைக்கும் தேவை ஒழியவில்லை. மேவன் என்னும் கட்டமைப்புக் கருவியிற் பொருத்தும் செருகி அத்தேவையை நிறைவு செய்கின்றது.

அது நிகழுமாறு காண்போம். மேவனில் மூலநிரலை ஆக்கும் கட்டம் தொகுக்கும் கட்டத்துக்கு முற்பட்டது. திட்டக் கோப்பிலே செருகியை அம்முற்கட்டத்தோடு பிணைத்து, மாறிகளின் பெறுமானங்களையும் குறிக்கின்றோம். செருகி மூலநிரலைப் படித்து, நிபந்தனைக்கு இயைந்த வரிகளை நிறுத்தி, ஏனையவற்றை நீக்கி, புதிய பிரதியொன்றை வேறோர் அடைவில் எழுதும். தொகுப்பி காண்பது அப்பிரதியையே, மூலம் மாறாதிருக்கும்.

இனி இடர் கூறுவாம். சீ மொழியில் ஓர் எண்ணின் வர்க்கத்தை 'எண் × எண்' என மாக்குரோவாக வகுத்தோம் என்க. அதற்கு '2 + 3' என்பதைக் கொடுப்பின், விரிவு '2 + 3 × 2 + 3' ஆகும். பெருக்கல் முந்துவதால், 25 வரவேண்டிய இடத்தில் 11 வரும். தொகுப்பி பிழை கூறாது. இலக்கணப்படி அது வழுவற்ற தொடரே. மாக்குரோ எழுத்தை மாற்றுமேயன்றிப் பொருளை அறியாது. ஒவ்வோர் உறுப்பையும் முழுத் தொடரையும் அடைப்புக்குறிக்குள் இடுதலே பரிகாரம். தொகைநிலைத் தொடர் விரியுங்கால் இரண்டு முதல் ஏழு பொருள்வரை மயங்கும் என்றார் நன்னூலார். அம்மயக்கந் தீர்க்க உரையாசிரியர் உளர். கணனிக்கோ அவர் இலர்.

பிறிதோர் இடரும் உண்டு. தொகுப்பி சுட்டும் பிழை வரி, பிரதியின் வரியாதலுங் கூடும். அதனைப் பிரதியிலே திருத்துவோமாயின், அடுத்த கட்டமைப்பில் செருகி அதனை மீள எழுத, நம் உழைப்பு வீணாம். திருத்தம் என்றும் மூலத்துக்கே உரியது.

ஆதலின், மாணவர்காள், மாக்குரோவை வேண்டுமிடத்தன்றிக் கையாளாதீர். கையாளுங்கால், விரிந்த பிரதியை ஒருமுறையேனும் நும் கண்ணாற் படித்தறிமின்.