செத்த பிளகினும் பொய் எக்ஸ்டென்ஷனும்

"சாட்ஜிபிடியில பிளகின் எல்லாம் போயிடுச்சே, அதைத் திரும்பக் கொண்டுவர ஒரு குரோம் எக்ஸ்டென்ஷன் இருக்காமே, போட்டுக்கலாமா?" மென்பொருள் எழுதிப் பிழைப்பவன் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடாமல் துரத்துகிறது. கேட்பவர்களில் பலர் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். அப்படியொரு எக்ஸ்டென்ஷன் கிடையாது. இருக்கவும் முடியாது.

2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ அறிவித்த பிளகின்கள் உங்கள் கணினியில் என்றைக்கும் இருந்ததில்லை. விமானக் கட்டணம் பார்க்க உதவிய கயாக் பிளகினை எடுத்துக்கொள்ளுங்கள். என்ன கேட்டால் என்ன கிடைக்கும் என்று கயாக் ஒரு விவரக்கோப்பு எழுதிக் கொடுத்திருந்தது. நீங்கள் கேட்டதும் சாட்ஜிபிடி அந்தக் கோப்பைப் பார்த்து ஒரு கோரிக்கையை எழுதும். அது ஓப்பன்ஏஐயின் சர்வரிலிருந்து கயாக்கின் சர்வருக்குப் போய்ப் பதிலோடு திரும்பும். இதில் உங்கள் பிரௌசருக்கு என்ன வேலை? கேள்வியை வாங்குவது, விடையைக் காட்டுவது, அவ்வளவுதான். 2024 மார்ச் 19 முதல் புதிய உரையாடல்களில் பிளகின் கிடையாது என்றார்கள். ஏப்ரல் 9-இல் பழைய உரையாடல்களிலும் நிறுத்திவிட்டார்கள். சர்வரில் துண்டித்த இணைப்பை உங்கள் பிரௌசரில் ஒரு பொத்தானைச் சேர்த்து ஒட்டவைக்க முடியுமா? குழாயைப் பஞ்சாயத்தே பிடுங்கிப்போன பிறகு வீட்டில் புதுத் திருகு மாட்டுகிற கதை.

எக்ஸ்டென்ஷனின் தொழில் வேறு. நீங்கள் திறக்கும் பக்கங்களைப் படிப்பதும் மாற்றுவதும்தான் அதற்குத் தெரிந்த வேலை. எல்லா இணையதளங்களிலும் உங்கள் தரவைப் படிக்க அனுமதி கேட்கும்போது யோசிக்காமல் சரி என்று அழுத்துகிறீர்களே, அந்த 'எல்லா'வுக்குள் உங்கள் வங்கிப் பக்கமும் வருகிறது.

'குரோம் ஸ்டோரிலேயே இருக்கிறது, கூகுள் சோதிக்காமலா விடும்?' என்று வாதாடுபவர்களுக்காக ஒரு பழைய கதை. சாட்ஜிபிடிக்கு விரைவு வழி என்ற பேரில் 2023 மார்ச்சில் ஒரு எக்ஸ்டென்ஷன் அதே ஸ்டோரில் இருந்தது. பேஸ்புக்கில் விளம்பரமும் ஓடியது. சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டே, பேஸ்புக்கில் நுழைந்திருந்தவர்களின் குக்கீகளையும் அள்ளிக்கொண்டு போனது. கார்டியோ என்ற பாதுகாப்பு நிறுவனம் அம்பலப்படுத்திய பிறகுதான் ஸ்டோரிலிருந்து அகன்றது. குக்கீ பறிபோனால் பாஸ்வேர்டே இல்லாமல் உள்ளே வரலாம். ஆகவே போட்டுவிட்டவர்கள் எக்ஸ்டென்ஷனை நீக்கினால் மட்டும் போதாது. முக்கியமான கணக்குகளில் எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறிவிட்டுப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

எல்லா எக்ஸ்டென்ஷனும் திருட்டு என்று நான் சொல்லவில்லை. ஒன்றுகூடப் பிளகின் ஆகாது என்கிறேன்.

சரி, மாற்று என்ன? பெரும்பாலோர் பிளகினைத் தேடியது பிடிஎஃப் படிக்க, இணையத்தில் தேட, கணக்குப் போட. இவை மூன்றும் இன்று சாட்ஜிபிடிக்குள்ளேயே இருக்கின்றன; கோப்பை இணைத்துக் கேளுங்கள். வுல்ஃப்ராம் போன்ற தனிச் சேவை வேண்டுமென்றால் அதன் ஜிபிடி, அதாவது சாட்ஜிபிடிக்குள்ளேயே ஒரு வேலைக்கென்று அமைத்த தனி வடிவம், இருக்கிறது.

பிளகின்கள் தாமாகவே ஜிபிடிகளாக மாறிவிட்டன என்பதும் பொய். செய்தவர்களே திரும்ப உருவாக்க வேண்டியிருந்தது. பழைய விவரக்கோப்பு அங்கேயும் உதவும் என்பதால் வேலை குறைவு. ஆனாலும் பலர் செய்யவில்லை. பழைய பெயரோடு ஒரு ஜிபிடி கிடைத்தால் அதே ஆள் என்று நம்பிவிடாதீர்கள், பெயருக்குக் கீழே யார் செய்தது என்று போட்டிருக்கும், பாருங்கள். ஜிபிடிகளுக்கும் காசு கட்ட வேண்டும் என்கிறார்களா? பயன்படுத்தக் காசு வேண்டாம், 2024 மே மாதமே இலவசக் கணக்குகளுக்கும் திறந்துவிட்டார்கள்.

ஜிபிடியும் ஒருநாள் மூடப்படலாம். அதனால் நான் வழக்கமாகச் சொல்லி ஏச்சு வாங்குவதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நன்றாக வேலை செய்யும் கட்டளைகளையும் ஜிபிடியில் ஏற்றும் கோப்புகளையும் உங்கள் கணினியிலேயே, வெறும் டெக்ஸ்ட் கோப்பாக, ஒரு ஃபோல்டரில் வையுங்கள். நோட்பேட் போதும். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட் எதில் ஒட்டினாலும் அது ஓடும். அதற்கும் ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள்.