ஊட்டச்சத்துப் பட்டம்: சம்பளமும் கடனும்

மகள் நியூட்ரிஷன் சயின்ஸ் படிக்கப்போகிறேன் என்றதும் அமெரிக்கத் தமிழ் வீடுகளில் இரண்டு கேள்விகள் எழும். எவ்வளவு சம்பளம் வரும்? எவ்வளவு கடன் ஆகும்? கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் கிடைக்கும் பதில்கள் பலவும் பட்டத்தின் பெயரை மட்டும் பார்த்துச் சொல்லப்படுபவை. பட்டத்துக்குப் பிறகு எந்த வழியில் போகப்போகிறோம் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கே மாறிவிடும்.

நம்பிக்கை: நான்கு வருடம் படித்துவிட்டால் டயட்டீஷியன் ஆகிவிடலாம்.

உண்மை: 2024 ஜனவரி 1 முதல் ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் வேண்டும். அதோடு குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். இந்தப் பயிற்சிக்குப் பெரும்பாலும் ஊதியம் கிடையாது. சில இடங்களில் நாம்தான் கட்டணம் கட்ட வேண்டும். எல்லா நியூட்ரிஷன் சயின்ஸ் பட்டங்களும் டயட்டெடிக்ஸ் அங்கீகாரம் பெற்றவையும் அல்ல. அங்கீகாரம் இல்லாத இடத்தில் படித்தவர்கள் விடுபட்ட பாடங்களைப் பிறகு தனியாகப் படிக்க நேரும்.

நம்பிக்கை: இந்தப் படிப்புக்கு ஆண்டுக்கு 73,850 டாலர் சம்பளம்.

உண்மை: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2024 மே மாதக் கணக்கில் வெளியிட்ட எண் அது. டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் வேலையில் இருப்போரின் இடைநிலை ஊதியம். அதாவது பாதிப் பேர் அதற்கு மேலும் மீதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள். இருபது வருட அனுபவசாலியும் நேற்றுச் சேர்ந்தவரும் அதில் அடக்கம். அது அந்த வேலைக்கான எண். இளநிலைப் பட்டத்தோடு நிறுத்திக்கொண்டு வேறு வேலைக்குப் போகிறவருக்கு அது பொருந்தாது.

நம்பிக்கை: கல்லூரிகளின் கடன், சம்பள விவரம் தரும் அரசின் ‘காலேஜ் ஸ்கோர்கார்டு’ தளத்தில் இந்தப் படிப்புக்கான கடன் குறைவாகத்தான் காட்டுகிறது, பயமில்லை.

உண்மை: அந்த எண் பெரிதாக வழியே இல்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் இளநிலை மாணவருக்கு மத்திய அரசு தரும் கடன் முதல் வருடம் 5,500, இரண்டாம் வருடம் 6,500, அடுத்த இரண்டு வருடங்கள் தலா 7,500 டாலர். நான்கு வருடத்துக்கு 27,000. படிப்பு நீண்டாலும் உச்சவரம்பு 31,000. செலவு அதைத் தாண்டினால் மீதி அப்பா அம்மா பெயரில் ‘பேரன்ட் ப்ளஸ்’ கடனாகவோ தனியார் வங்கிக் கடனாகவோ ஏறும். மாணவர் கடன் என்று காட்டப்படும் தொகையில் இவை இரண்டும் சேராது. கடன் வாங்கியவர்களை மட்டுமே வைத்துப் போட்ட கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது.

நம்பிக்கை: அதே தளத்தில் சம்பளம் குறைவாக இருக்கிறதே, அப்படியானால் இது உதவாத படிப்பு.

உண்மை: அரசின் நிதியுதவி பெற்றுப் படித்தவர்களில், வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் சம்பளக் கணக்கு. மேலே படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் வரமாட்டார்கள். நியூட்ரிஷன் சயின்ஸ் முடித்துவிட்டு மருத்துவத்துக்கோ டயட்டெடிக்ஸ் மாஸ்டர்ஸுக்கோ போனவர்கள் அப்படித்தான் விடுபட்டுப் போகிறார்கள். இன்னொரு சிக்கலும் உண்டு. நியூட்ரிஷன் சயின்ஸ், டயட்டெடிக்ஸ், உணவும் ஊட்டச்சத்தும் என்று ஏறக்குறைய ஒரே படிப்பு மூன்று வேறு குறியீடுகளில் பதிவாகிறது. ஒரு கல்லூரியின் எண்ணை இன்னொன்றோடு ஒப்பிடுமுன் குறியீடு ஒன்றுதானா என்று பாருங்கள்.

நம்பிக்கை: மாஸ்டர்ஸுக்கு எவ்வளவு கேட்டாலும் அரசு கடன் கொடுக்கும்.

உண்மை: கல்லூரி சொல்லும் செலவு முழுவதற்கும் கடன் தந்த ‘கிராட் ப்ளஸ்’ திட்டத்தை, 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு 2026 ஜூலை 1 முதல் மூடிவிடுகிறது. எஞ்சுவது ஆண்டுக்கு 20,500 டாலர் கடன்தான். பேரன்ட் ப்ளஸ் கடனுக்கும் ஒரு பிள்ளைக்கு மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வந்துவிட்டது.

இனிக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இளநிலைக்கு 27,000 டாலர், வட்டி 6.5 சதவீதம், பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 307. இரண்டு வருட மாஸ்டர்ஸுக்கு 41,000 டாலர், வட்டி 8 சதவீதம்; மாதம் சுமார் 497. ஆக மாதம் 800 டாலருக்குக் கொஞ்சம் மேல். படிக்கும் காலத்தில் ஏறும் வட்டியை இதில் சேர்க்கவில்லை.

நம்பிக்கை: பொதுச்சேவை வேலைக்குப் போனால் கடன் தள்ளுபடி.

உண்மை: 2007-இல் வந்த அந்தத் திட்டம் இருக்கிறது. அரசிலோ லாபநோக்கற்ற நிறுவனத்திலோ முழுநேரம் வேலை பார்த்து, 120 மாதத் தவணைகளை விதிப்படி கட்டினால்தான் மீதிக் கடன் தள்ளுபடி. லாபநோக்கற்ற மருத்துவமனையும் மாவட்டச் சுகாதாரத் துறையும் இதற்குத் தகுதி. சொந்தமாக ஆலோசனை மையம் வைத்தால் தகுதியில்லை. தனியார் வங்கிக் கடனுக்குத் தள்ளுபடி கிடையாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்குமுன் துறை அலுவலகத்தில் மூன்றைக் கேளுங்கள். இங்கே டயட்டெடிக்ஸ் அங்கீகாரம் உண்டா? பயிற்சி இடம் கிடைத்தவர்கள் எத்தனை பேர்? மாஸ்டர்ஸையும் சேர்த்து மொத்தச் செலவு என்ன? அந்த மூன்று பதிலையும் அரசின் சம்பள எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்கள்.