பனியில் போன கவிதை வகுப்பு

கேள்வி: மாசசூசெட்ஸில் ஒரு கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு அமெரிக்கக் கவிதை நடத்துகிறேன். செவ்வாயும் வியாழனும் 75 நிமிட வகுப்பு. இந்தச் செவ்வாய் பனிப்புயலால் கல்லூரியை மூடிவிட்டார்கள். அன்றுதான் எமிலி டிக்கின்சனைத் தொடங்க இருந்தேன். வால்ட் விட்மன் பற்றிய கட்டுரையையும் மாணவர்கள் அன்றே தர வேண்டியிருந்தது. டிக்கின்சனுக்கு இரண்டு வகுப்பு, அடுத்த வாரம் ராபர்ட் ஃபிராஸ்டுக்கு இரண்டு, அதற்கடுத்த செவ்வாய் இடைத்தேர்வு என்று போட்டிருந்தேன். வியாழக்கிழமை ஒரே வகுப்பில் டிக்கின்சனை முடித்துவிடவா? அல்லது சனிக்கிழமை கூடுதல் வகுப்பு வைக்கவா?

பதில்: இரண்டும் வேண்டாம். டிக்கின்சனின் இரண்டு வகுப்பும் அப்படியே இருக்கட்டும். ஃபிராஸ்டிடம் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்த வியாழனும் அடுத்த செவ்வாயும் டிக்கின்சன், அடுத்த வியாழன் ஃபிராஸ்ட். இடைத்தேர்வு நாளைத் தொடாதீர்கள்.

ஃபிராஸ்ட் குறைந்தவர் என்பதால் சொல்லவில்லை. அவருடைய ஓரிரு கவிதைகளை அங்கே பலரும் பள்ளியிலேயே படித்திருப்பார்கள். ஒரே கவிதையை எடுத்து வகுப்பு முழுக்க அதிலேயே நின்றால் போதும். டிக்கின்சன் அப்படியல்ல. ஏறத்தாழ 1,800 கவிதைகள் எழுதியவர். வாழ்நாளில் அச்சேறியவை மிகச் சில. அவர் 1886இல் இறந்தார். 1890இல் வந்த முதல் தொகுப்பில் பதிப்பாசிரியர்கள் அவர் வரிகளில் இட்ட இடைக்கோடுகளை (டேஷ்) மாற்றினார்கள், சொற்களில் கூடக் கை வைத்தார்கள். கையெழுத்துப் படிகளை ஒட்டித் தாமஸ் ஜான்சன் முழுத் தொகுப்பைக் கொண்டுவந்தது 1955இல்தான். இணையத்தில் பழைய திருத்திய வடிவங்கள் நிறையக் கிடக்கின்றன. வகுப்பில் பாதிப் பேர் கையில் ஒரு வடிவமும் மீதிப் பேர் கையில் வேறொன்றும் இருந்தால், அதைச் சரிசெய்யவே கால் மணி நேரம் போய்விடும். எந்தப் பதிப்பு என்று மாணவர்களுக்கு இன்றே எழுதிவிடுங்கள்.

அந்த இடைக்கோடுகளில் நின்று, ஒரே கவிதையை மூன்று பேர் வாய்விட்டு வாசித்துக் கேட்க நேரம் வேண்டும். அவசரத்தில் ஆறேழு கவிதைகளைக் கடந்தால், வெள்ளை உடையில் வீட்டுக்குள்ளேயே இருந்த பெண்மணி என்ற கதை மட்டுமே மாணவர்களிடம் மிஞ்சும். அவ்வளவு பெரிய கவிஞருக்கு அது அநியாயம். வாழ்க்கை வரலாற்றை ஒரு பக்கக் குறிப்பாக அனுப்பிவிட்டு, வியாழன் வகுப்பைப் பனி பற்றிய அவருடைய கவிதையில் தொடங்குங்கள். அதில் ‘ஸ்னோ’ என்ற சொல்லே வராது. ஆனாலும் கவிதை முழுக்கப் பனி விழும். வாசலில் பனியை வாரிப்போட்டுவிட்டு வந்தவர்களுக்கு அது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எப்படி எழுதினார் என்பதற்கு நேரே போய்விடலாம்.

கட்டுரையை வியாழக்கிழமை வாங்கிக்கொள்ளுங்கள். கெடு நாளைத் தள்ளிவைக்கலாம், முன்னால் இழுக்கக் கூடாது. மின்சாரம் போன வீடுகளும் இருந்திருக்கும்.

சனிக்கிழமை யோசனையை விட்டுவிடுங்கள். வார இறுதியில் வேலைக்குப் போகும் மாணவர்கள் உண்டு. வர முடியாதவர்களுக்கே நஷ்டம். ஆனால் போன நேரத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டியிருக்கலாம். அமெரிக்க அரசின் கிரெடிட் வரையறை, சுமார் 15 வார செமஸ்டரில் ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி வகுப்பும் வெளியே இரண்டு மணி உழைப்பும் என்பது. ஈடாக எழுத்து வேலை கொடுக்கலாமா என்று துறைத் தலைவரிடம் கேளுங்கள். சரியென்றால், ஒரு டிக்கின்சன் கவிதையைக் கையால் படியெடுத்து, அதன் இடைக்கோடுகளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்லுங்கள். நல்ல பயிற்சி அது.

மாறிய தேதிகளை மட்டும் தடித்த எழுத்தில் காட்டி, புதிய அட்டவணையை இன்றிரவே அனுப்புங்கள். அடுத்த ஆண்டு அட்டவணை போடும்போது, இடைத்தேர்வுக்கு முன் ஒரு வகுப்பைக் காலியாக விடுங்கள். பாஸ்டனில் 110.6 அங்குலம் பனி கொட்டிய 2014-15 போன்ற குளிர்காலத்துக்கு அது பற்றாது. சாதாரண ஆண்டுக்குப் போதும்.